நெடுமுப்போட்டி மிதிவண்டி: இடைநிலை விலைப் பிரிவில் தேர்வு

நெடுமுப்போட்டி மிதிவண்டி என்பது நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றும் இடைவெளியின்றித் தொடரும் நெடுமுப்போட்டியின் இரண்டாம் பகுதிக்கென வடிவமைக்கப்படும் மிதிவண்டி ஆகும். டிரையத்லான் பைக் என்றும் இது அழைக்கப்படுகிறது. ஓட்டுநர் முன்புறம் குனிந்து, முழங்கைகளைத் தாங்கிகளில் ஊன்றி, காற்றைக் குறைவாக எதிர்கொள்ளும் நிலையில் நீண்ட நேரம் மிதிக்கவும், இறங்கியவுடன் ஓடவும் ஏற்றவாறு இதன் வடிவியல் அமைந்துள்ளது.

விலை அடிப்படையில் இம்மிதிவண்டிகள் தொடக்கநிலை, இடைநிலை, உயர்நிலை எனப் பொதுவாகப் பிரிக்கப்படுகின்றன. இப்பிரிவுகளுக்கு முறையான வரையறை இல்லை. 2020களின் உலகச் சந்தையில் ஏறத்தாழ 3,000 முதல் 6,000 அமெரிக்க டாலர் வரையிலானவை இடைநிலை எனக் கொள்ளப்படுகின்றன. உயர்நிலை மிதிவண்டிகள் 10,000 டாலரையும் தாண்டுகின்றன. கரிம இழைச் சட்டகம், தரமான கியர் தொகுதி, சரிசெய்யக்கூடிய கைப்பிடி ஆகிய மூன்றும் இடைநிலையிலேயே கிடைத்துவிடுகின்றன. இதனால் இப்பிரிவில் உள்ள மிதிவண்டிகள் தாளில் ஒன்றுபோலவே தோன்றும். அவற்றுக்கிடையிலான பெரிய வேறுபாடு பாகங்களின் பட்டியலில் இல்லை. எந்த உடலுக்கு எது பொருந்தும் என்பதில் உள்ளது. பாகங்களைப் பின்னர் மாற்றலாம். சட்டகத்தின் அளவை மாற்ற முடியாது.

வரலாறு

நவீன நெடுமுப்போட்டி 1974 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் மிஷன் பே பகுதியில் தொடங்கியது. 1978 பிப்ரவரியில் ஹவாயின் ஒவாஹு தீவில் முதல் அயர்ன்மேன் போட்டி நடந்தது. தொடக்க ஆண்டுகளில் போட்டியாளர்கள் சாதாரணச் சாலை மிதிவண்டிகளையே பயன்படுத்தினர்.

1980களின் பிற்பாதியில் கைப்பிடியின் முன்புறம் நீளும் ஏரோபார் அறிமுகமானது. இதை வடிவமைத்தவர் பூன் லெனன். ஸ்காட் நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நெடுமுப்போட்டி வீரர்கள் இதை முதலில் ஏற்றுக்கொண்டனர். 1989ஆம் ஆண்டு டூர் டி பிரான்சின் இறுதி நாளில் உலகமே இதன் பயனைக் கண்டது. வெர்சாயிலிருந்து பாரிசு வரையிலான 24.5 கி.மீ. தனிநபர் நேர ஓட்டத்தைத் தொடங்கும்போது கிரெக் லெமாண்ட், லாரன் பினோனைவிட 50 நொடிகள் பின்தங்கியிருந்தார். ஏரோபாருடன் ஓட்டிய லெமாண்ட் அந்த இடைவெளியைக் கடந்து, மொத்தக் கணக்கில் 8 நொடி வேறுபாட்டில் பட்டம் வென்றார்.

கைப்பிடியை மட்டும் மாற்றினால் போதாது என்பது விரைவில் தெரிந்தது. சாலை மிதிவண்டியில் உடலை முன்னால் தாழ்த்தும்போது தொடை வயிற்றை நெருக்குகிறது. இடுப்பு மடங்கும் கோணம் சுருங்குகிறது. மிதிக்கும் திறன் குறைகிறது. இதற்குத் தீர்வாக டான் எம்பீல்டு, தாம் நிறுவிய குவின்டானா ரூ நிறுவனத்தின் வழியே 1989இல் சூப்பர்பார்ம் என்னும் மிதிவண்டியை வெளியிட்டார். நெடுமுப்போட்டிக்கென்றே உருவான முதல் மிதிவண்டி இதுவே எனக் கருதப்படுகிறது. இதில் இருக்கைக் குழாய் செங்குத்தாக நிமிர்த்தப்பட்டு, ஓட்டுநர் முழுவதுமாக முன்னோக்கி நகர்த்தப்பட்டார். இன்றைய நெடுமுப்போட்டி மிதிவண்டிகள் அனைத்தும் இந்த அடிப்படையையே பின்பற்றுகின்றன.

சாலை மிதிவண்டியிலிருந்து வேறுபாடு

சாலை மிதிவண்டியின் இருக்கைக் குழாய் கிடைத்தளத்துடன் ஏறத்தாழ 72 முதல் 74 பாகைக் கோணத்தில் இருக்கும். நெடுமுப்போட்டி மிதிவண்டியில் இது 76 முதல் 80 பாகை வரை உயர்கிறது. இடுப்பு முன்னே வருவதால் மேலுடலைத் தாழ்த்தினாலும் இடுப்புக் கோணம் சுருங்குவதில்லை.

கைப்பிடி இரண்டு பகுதிகளைக் கொண்டது. அகலமான அடிக் கைப்பிடியில் பிரேக் நெம்புகோல்கள் உள்ளன. அதன் மேல் முழங்கைத் தாங்கிகளும் முன்னோக்கி நீளும் இரு கம்பிகளும் பொருத்தப்படுகின்றன. தாழ்ந்த நிலையில் ஓட்டும்போது கைகள் பிரேக்கிலிருந்து விலகியிருக்கும் என்பதால், நெரிசலான சாலைகளுக்கும் குழுவாக ஓட்டுவதற்கும் இம்மிதிவண்டி ஏற்றதன்று. உடல் எடையின் கூடுதலான பகுதி முன்சக்கரத்தின் மேல் விழுவதால் வளைவுகளிலும் இறக்கங்களிலும் கையாளும் விதமும் மாறுகிறது.

போட்டி விதிகள்

மிதிவண்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் எந்தப் போட்டிக்கு என்பது முடிவாக வேண்டும். நெடுமுப்போட்டிகள் விதியளவில் இருவகைப்படும்.

முதல் வகையில் ஒருவர் மற்றவரின் பின்னால் ஒட்டி ஓட்டி, காற்றுத் தடையைக் குறைத்துக்கொள்ள அனுமதி உண்டு. ஒலிம்பிக் போட்டி இவ்வகையைச் சேர்ந்தது. இதில் வளைந்த கைப்பிடியுள்ள சாலை மிதிவண்டியே பயன்படுத்தப்பட வேண்டும். நெடுமுப்போட்டி மிதிவண்டிக்கு இடமில்லை.

இரண்டாம் வகையில் பின்தொடர்ந்து ஓட்டுவது குற்றம். வயதுப் பிரிவினர் பங்கேற்கும் பெரும்பாலான போட்டிகளும், அரை அயர்ன்மேன், முழு அயர்ன்மேன் தொலைவுகளும் இவ்வகையின. அயர்ன்மேன் போட்டிகளில் வயதுப் பிரிவு வீரர் ஒருவர் முந்திச் செல்லும் நேரம் தவிர மற்ற நேரங்களில் முன்னவரின் முன்சக்கரத்திலிருந்து தம் முன்சக்கரத்துக்கு 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும். ஒவ்வொருவரும் காற்றைத் தனியாகவே எதிர்கொள்வதால் இங்குதான் நெடுமுப்போட்டி மிதிவண்டி பயன் தருகிறது.

மிதிவண்டிப் பகுதியின் தொலைவும் முடிவைப் பாதிக்கிறது. குறுந்தொலைவில் 20 கி.மீ., ஒலிம்பிக் தொலைவில் 40 கி.மீ., அரை அயர்ன்மேனில் 90 கி.மீ., முழு அயர்ன்மேனில் 180 கி.மீ. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் செல்பவர் 40 கி.மீ. தொலைவை 80 நிமிடங்களிலும், 180 கி.மீ. தொலைவை 6 மணி நேரத்திலும் கடக்கிறார். 80 நிமிடம் தாங்கிக்கொள்ளக்கூடிய கழுத்து வலியை 6 மணி நேரம் தாங்க முடியாது. 2018இல் கொழும்பிலும் 2019இல் கோவாவிலும் தொடங்கப்பட்ட அயர்ன்மேன் 70.3 போட்டிகள் அரை அயர்ன்மேன் வகையைச் சேர்ந்தவை.

காற்றுத் தடையும் உடல் நிலையும்

சமதளத்தில் மணிக்கு 30 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் ஓட்டுநரின் ஆற்றலில் பெரும்பகுதி காற்றைப் பிளப்பதற்கே செலவாகிறது. காற்றுத் தடை விசை வேகத்தின் இருமடிக்கும், அதை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கும் நேர் விகிதத்தில் உயர்கின்றன. மொத்தக் காற்றுத் தடையில் ஏறத்தாழ 70 முதல் 80 விழுக்காடு ஓட்டுநரின் உடலால் ஏற்படுவது. மிதிவண்டியின் பங்கு எஞ்சியதே.

இதை எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். முன்பரப்பையும் இழுவைக் கெழுவையும் பெருக்கிக் கிடைக்கும் அளவு இழுவைப் பரப்பு எனப்படும். சாலை மிதிவண்டியின் பிரேக் பிடிகளில் கைவைத்து ஓட்டும் ஒருவருக்கு இது 0.32 சதுர மீட்டர் என்றும், ஏரோபாரில் தாழ்ந்து ஓட்டும்போது 0.25 சதுர மீட்டர் என்றும் கொள்வோம். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம் எனில், மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் முதல் நிலைக்கு 192 வாட்டும் இரண்டாம் நிலைக்கு 150 வாட்டும் தேவை. வேறுபாடு 42 வாட். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் இது 24 வாட் ஆகக் குறைகிறது. அப்போதும் அது பெரிய ஆதாயமே.

இரண்டு சட்டகங்களுக்கிடையே இழுவைப் பரப்பில் 0.005 சதுர மீட்டர் வேறுபாடு இருப்பதாகக் கொண்டால், அதே 36 கி.மீ. வேகத்தில் அதன் மதிப்பு 3 வாட் மட்டுமே. சட்டகத்தால் வரும் 3 வாட்டுக்காகக் கூடுதல் பணம் கொடுத்துவிட்டு, உடல் பொருந்தாமல் அடிக்கடி நிமிர்ந்து உட்காரும் ஓட்டுநர், 42 வாட் ஆதாயத்தை அந்த நிமிடங்களிலெல்லாம் இழக்கிறார். ஒரு நிலை எவ்வளவு தாழ்வானது என்பதோடு, அதில் எவ்வளவு நேரம் நீடிக்க முடியும் என்பதும் சேர்ந்தே பயனைத் தீர்மானிக்கிறது.

இறுக்கமான உடை, காற்றியக்கத் தலைக்கவசம் ஆகியவையும் உடலைச் சார்ந்த தடையைக் குறைக்கின்றன. செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கிடைக்கும் பயனைக் கணக்கிட்டால் இவை விலையுயர்ந்த சட்டகத்தைவிடச் சிக்கனமானவை.

உடற்பொருத்தம்

சட்டகத்தின் அளவை 51, 54, 56 போன்ற எண்களாலோ சிறியது, நடுத்தரம், பெரியது என்றோ குறிப்பிடுவது வழக்கம். இவை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுவதால் ஒப்பிடப் பயன்படா. ஒப்பிடுவதற்கு ஸ்டாக், ரீச் என்னும் இரு அளவுகளே ஏற்றவை. இம்முறையைப் பரவலாக்கியவரும் டான் எம்பீல்டுதான்.

ஸ்டாக் என்பது பெடல் அச்சின் மையத்திலிருந்து முன்குழாயின் மேல்முனை வரையிலான செங்குத்து உயரம். ரீச் என்பது அதே இரு புள்ளிகளுக்கு இடையிலான கிடைத் தொலைவு. ஸ்டாக் அதிகமுள்ள சட்டகம் உயரமான முன்புறத்தைத் தரும். ரீச் அதிகமுள்ள சட்டகம் உடலை நீட்டும். ஒரே 54 அளவெனக் குறிக்கப்பட்ட இரண்டு மிதிவண்டிகள் இவ்விரு அளவுகளிலும் வேறுபட்டு, ஒன்று பொருந்தவும் மற்றொன்று பொருந்தாமல் போகவும் கூடும்.

நெடுமுப்போட்டி மிதிவண்டியில் இவற்றைவிட நேரடியான அளவு முழங்கைத் தாங்கியின் இருப்பிடம் ஆகும். பெடல் அச்சிலிருந்து தாங்கியின் உயரமும், அதே அச்சிலிருந்து தாங்கியின் பின்விளிம்பு அல்லது மையம் வரையிலான கிடைத் தொலைவும் அளக்கப்படுகின்றன. ஒவ்வொரு நிறுவனமும் தன் மிதிவண்டியில் தாங்கிகளை எந்த வீச்சுக்குள் நகர்த்தலாம் என்பதை அட்டவணையாக வெளியிடுகிறது. ஓட்டுநருக்குத் தேவையான இடம் இவ்வீச்சின் நடுப்பகுதியில் அமைவது நல்லது. எல்லையில் அமைந்தால், பழக்கம் கூடும்போது மேலும் தாழ்த்தவோ, முதுகு வலிக்கும்போது சற்று உயர்த்தவோ வழியிருக்காது.

இந்த அளவுகளைக் கண்டறிய பைக் ஃபிட்டிங் எனப்படும் உடலளவுப் பொருத்தம் செய்யப்படுகிறது. இருக்கையும் கைப்பிடியும் எல்லாத் திசைகளிலும் நகரும் சோதனை மிதிவண்டியில் ஓட்டுநரை மிதிக்க வைத்து, வசதியான நிலை கண்டறியப்படுகிறது. மிதிவண்டியை வாங்கிய பிறகு செய்யப்படும் பொருத்தம், வாங்கிய மிதிவண்டியின் எல்லைக்குள் உடலை அடக்கும் முயற்சியாகவே முடியும். வாங்கும் முன் செய்தால் உடலுக்கேற்ற மிதிவண்டிகளின் பட்டியல் கிடைக்கும். ஆகவே பொருத்தத்துக்கான செலவைத் தனிச் செலவாகக் கருதாமல் மிதிவண்டியின் விலையோடு சேர்த்தே திட்டமிடுவது பயனுள்ளது.

கிராங்க் நீளமும் பொருத்தத்தின் பகுதியே. நடுத்தர அளவு மிதிவண்டிகள் 170 அல்லது 172.5 மில்லிமீட்டர் கிராங்குடன் வருவதுண்டு. 165 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைந்த கிராங்க், கால் மேலே வரும்போது முழங்கால் உயர்வதைக் குறைத்து இடுப்புக் கோணத்தைத் திறக்கிறது. உயரம் குறைந்தவர்களுக்கும் இடுப்பு நெகிழ்வு குறைந்தவர்களுக்கும் இது பெரிதும் உதவும். விற்பனையாளர் கூடுதல் விலையின்றிக் கிராங்கை மாற்றித் தருவாரா என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ளலாம்.

இருக்கை

முன்னோக்கிக் குனிந்த நிலையில் உடல் எடை உட்காரும் எலும்புகளிலிருந்து நகர்ந்து, முன்புற மென்திசுக்களின் மேல் விழுகிறது. சாதாரண இருக்கையில் இது மரத்துப்போதலையும் புண்களையும் உண்டாக்கும். இதனால் முன்முனை பிளவுபட்ட அல்லது குட்டையான இருக்கைகள் உருவாயின. ஐஎஸ்எம் நிறுவனத்தின் இருக்கைகள் இவ்வகையில் அறியப்பட்டவை. தாழ்ந்த நிலையைக் கைவிட்டு நிமிர்ந்து உட்காரத் தூண்டும் முதற்காரணம் பெரும்பாலும் இருக்கையே. மிதிவண்டியுடன் வரும் இருக்கை பொருந்தாவிட்டால் அதை மாற்றுவது எளிது. ஆனால் அதற்கான தொகையை ஒதுக்கி வைத்திருக்க வேண்டும்.

சட்டகம்

இடைநிலை மிதிவண்டிகளின் சட்டகங்கள் பெரும்பாலும் கரிம இழையால் ஆனவை. நிறுவனங்கள் ஒரே வடிவச் சட்டகத்தைப் பல விலைகளில் விற்பதுண்டு. விலைக்கேற்பக் கரிம இழையின் தரமும் கியர், சக்கரம் போன்ற பாகங்களும் மாறுகின்றன. முன்னர் உயர்நிலையில் இருந்த வடிவம் சில ஆண்டுகளில் இடைநிலைக்கு இறங்கி வருவதும் உண்டு. கனடாவின் செர்வேலோ பி வரிசை, செருமனியின் கேன்யன் ஸ்பீட்மேக்ஸ் சி.எப்., அமெரிக்காவின் குவின்டானா ரூ, கனடாவின் ஆர்கான் 18, தைவானின் ஜயன்ட் டிரினிட்டி முதலியவை இப்பிரிவில் நெடுங்காலமாக ஒப்பிடப்படுபவை. ஹவாய் கோனாவில் நடக்கும் அயர்ன்மேன் உலகப் போட்டியில் எந்த நிறுவனத்தின் மிதிவண்டிகள் எத்தனை என்று ஆண்டுதோறும் எண்ணும் வழக்கம் உண்டு. 2005 முதல் பல ஆண்டுகள் அதில் செர்வேலோ முதலிடம் பெற்றது. இத்தகைய எண்ணிக்கை ஒரு நிறுவனத்தின் பரவலைக் காட்டுமே தவிர, குறிப்பிட்ட ஓட்டுநருக்கு அது பொருந்துமா என்பதைக் காட்டாது.

உயர்நிலை மிதிவண்டிகளில் கைப்பிடி, தண்டு, குடிநீர்க் கலம், பிரேக் குழாய் ஆகியவை சட்டகத்தோடு ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும். இது காற்றுத் தடையைக் குறைக்கிறது. ஆனால் ஒரு சிறு மாற்றத்துக்கும் அந்த நிறுவனத்தின் தனிப் பாகம் தேவைப்படலாம். இடைநிலை மிதிவண்டிகள் பலவற்றில் பொதுவான அளவுள்ள தண்டும் கைப்பிடியும் இருப்பதால், எந்தக் கடையிலும் கிடைக்கும் பாகத்தைக் கொண்டு சரிசெய்யலாம். முதன்முறை வாங்குபவரின் உடல் நிலை முதல் ஓரிரு ஆண்டுகளில் பலமுறை மாறும் என்பதால், இந்த நெகிழ்வு ஒரு குறையன்று.

எடை பற்றிய கவலை பெரும்பாலும் மிகையானது. 5 விழுக்காடு சரிவில் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஏறும்போது கூடுதலான 1 கிலோ எடைக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 2 வாட் மட்டுமே. சமதளத்தில் அதன் விளைவு உணர முடியாத அளவு சிறியது.

கியர் தொகுதி

இடைநிலையில் பெரும்பாலும் காணப்படுபவை சிமானோ 105, சிமானோ அல்டெக்ரா, ஸ்ராம் ரைவல் ஆகிய தொகுதிகள். கம்பியால் இழுக்கப்படும் கியருக்கும் மின்னணுக் கியருக்கும் இடையிலான தேர்வே இங்கு முதன்மையானது. ஸ்ராம் 2021இல் ரைவல் வரிசையிலும், சிமானோ 2022இல் 105 வரிசையிலும் மின்னணுக் கியரை அறிமுகப்படுத்தியதால் இது இடைநிலை விலைக்கு இறங்கியது.

சாலை மிதிவண்டியில் மின்னணுக் கியர் ஒரு வசதி. நெடுமுப்போட்டி மிதிவண்டியில் அது பயன்பாட்டையே மாற்றுகிறது. கம்பிக் கியரின் நெம்புகோல்கள் ஏரோபாரின் முனையில் மட்டுமே இருக்கும். ஏற்றத்தில் எழுந்து மிதிக்கும்போதோ வளைவில் பிரேக்கைப் பிடித்திருக்கும்போதோ கியரை மாற்ற ஒரு கையை எடுத்து முன்னே நீட்ட வேண்டும். மின்னணுக் கியரில் ஏரோபார் முனையிலும் அடிக் கைப்பிடியிலும் பொத்தான்களை அமைக்கலாம். மேடு பள்ளங்களும் திருப்பங்களும் நிறைந்த பாதைகளில் இது பாதுகாப்பையும் கூட்டுகிறது. சமதளமான, நேரான பாதைகளில் மட்டும் போட்டியிடுபவருக்குக் கம்பிக் கியரே போதும், பழுதுபார்ப்பதும் எளிது. மின்னணுக் கியருக்கு மின்னேற்றம் தேவை. போட்டியின் நடுவே மின்கலம் தீர்ந்தால் ஒரே கியரில் ஓட்டி முடிக்க வேண்டியதுதான்.

பற்களின் எண்ணிக்கையும் கவனிக்கத்தக்கது. முன்னே 52 பல், பின்னே 11 பல் என்ற இணைப்பில் நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு ஏறத்தாழ 54 கி.மீ. வேகம் வரும்; பெரும்பாலான வயதுப் பிரிவு வீரர்களுக்கு இதைவிடப் பெரிய கியர் இறக்கத்தில் மட்டுமே பயன்படும். முன்னே 36 பல், பின்னே 30 பல் என்ற இணைப்பில் நிமிடத்துக்கு 70 சுற்றில் மணிக்கு ஏறத்தாழ 10.5 கி.மீ. வேகத்தில் மேடேறலாம். மலைப்பாதைப் போட்டிக்கு 32 அல்லது 34 பற்களுள்ள பின்தொகுதியைப் பொருத்த முடியுமா என்று பார்க்க வேண்டும். மேட்டில் கால் தசைகளைச் சோர்வடையச் செய்பவர் அதன் விலையை ஓட்டப் பகுதியில் செலுத்துகிறார்.

பிரேக்

வட்டு பிரேக்குகள் 2010களின் பிற்பகுதியிலிருந்து பரவலாகி, புதிய மிதிவண்டிகளில் வழக்கமாகிவிட்டன. மழையிலும் நீண்ட இறக்கங்களிலும் அவை நம்பகமானவை. அகலமான டயருக்கும் இடம் தருகின்றன. விளிம்பு பிரேக் உள்ள மிதிவண்டிகள் பெரும்பாலும் பழைய கையிருப்பாகவோ இரண்டாம் கையாகவோ கிடைக்கின்றன. காற்றைத் தவிர்ப்பதற்காக விளிம்பு பிரேக்குகளை முன்கவையின் உள்ளேயோ பெடல் அச்சின் அடியிலோ மறைத்து வைத்த வடிவங்களில் அவற்றைச் சரிசெய்வது கடினம். பழைய விளிம்பு பிரேக் சக்கரங்கள் வட்டு பிரேக் சட்டகத்தில் பொருந்தா என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சக்கரமும் டயரும்

50 முதல் 80 மில்லிமீட்டர் ஆழமுள்ள கரிம இழைச் சக்கரங்கள் காற்றுத் தடையைக் குறைக்கின்றன. இடைநிலை மிதிவண்டிகள் சிலவற்றில் இவை உடன் வருகின்றன. பலவற்றில் எளிய அலுமினியச் சக்கரங்களே உள்ளன. ஆழமான முன்சக்கரம் பக்கவாட்டுக் காற்றில் கைப்பிடியைத் திருப்பப் பார்க்கும். எடை குறைந்த ஓட்டுநர்கள் இதைக் கூடுதலாக உணர்வர். பின்சக்கரத்தில் இச்சிக்கல் குறைவு. எனினும் கோனாவில் வீசும் பலத்த காற்றின் காரணமாக முழுவட்டுப் பின்சக்கரமும் அங்கு நெடுங்காலம் தடை செய்யப்பட்டிருந்தது.

டயரின் பங்கு பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. ஓட்டுநரும் மிதிவண்டியும் சேர்ந்து 80 கிலோ எடை எனக் கொண்டு, உருளும் தடைக் கெழு 0.006 உள்ள சாதாரண டயருக்குப் பதிலாக 0.004 உள்ள நல்ல டயரைப் பொருத்தினால், மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 13 வாட் மிச்சமாகும். விலையைக் குறைக்க நிறுவனங்கள் முதலில் கை வைக்கும் இடங்களில் டயரும் ஒன்று. ஆகவே டயரை மாற்றுவது இடைநிலை மிதிவண்டிக்குச் செய்யக்கூடிய மிகச் சிக்கனமான மேம்பாடுகளுள் அடங்கும்.

நீரும் உணவும்

மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் போட்டியில் நீரை எடுக்கும் முறையும் வடிவமைப்பின் பகுதி. ஏரோபார்களுக்கு இடையே உள்ள குடுவை, தாழ்ந்த நிலையிலிருந்து எழாமலேயே குடிக்க உதவுகிறது. இருக்கையின் பின்னுள்ள குடுவைகளைக் கரடுமுரடான சாலை குலுக்கித் தள்ளிவிடலாம். உணவுப் பெட்டி, பழுதுபார்க்கும் கருவிப் பெட்டி ஆகியவற்றைத் திருகி இணைக்கும் துளைகள் சட்டகத்தில் உள்ளனவா என்று பார்க்கலாம். எடுக்கக் கடினமான இடத்தில் உள்ள நீர் குடிக்கப்படாமலேயே திரும்பி வரும். அதன் விளைவு ஓட்டத்தில் தெரியும்.

ஒப்பீடு: ஓர் எடுத்துக்காட்டு

பொருத்தச் சோதனையில் ஒருவருக்கு முழங்கைத் தாங்கி 640 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் எனத் தெரியவந்ததாகக் கொள்வோம். ஒரே விலையில் இரண்டு மிதிவண்டிகள் அவர் முன் உள்ளன. முதலாவதில் மின்னணுக் கியரும் 60 மில்லிமீட்டர் ஆழச் சக்கரங்களும் உள்ளன. அவருடைய அளவில் தாங்கியின் உயர வீச்சு 550 முதல் 615 மில்லிமீட்டர். இரண்டாவதில் கம்பிக் கியரும் அலுமினியச் சக்கரங்களும் உள்ளன. வீச்சு 590 முதல் 690 மில்லிமீட்டர்.

பாகங்களைப் பார்த்தால் முதலாவதே மேலானது. ஆனால் அதில் அவர் தமக்கு ஏற்ற உயரத்திலிருந்து குறைந்தது 25 மில்லிமீட்டர் தாழ்ந்து ஓட்ட வேண்டியிருக்கும். அதே மிதிவண்டியின் பெரிய அளவை வாங்கினால் உயரம் கிடைக்கலாம். அதோடு ரீச்சும் கூடி, கைகள் நீண்டு தோள்கள் இறுகும். இரண்டாவது மிதிவண்டியில் அவருடைய இடம் வீச்சின் நடுவிலேயே உள்ளது. நல்ல டயரை உடனேயும், ஆழமான சக்கரத்தைப் பின்னரும் வாங்கலாம். முதலாவதின் குறையைப் பணத்தால் தீர்க்க முடியாது. இரண்டாவதின் குறையைத் தீர்க்க முடியும்.

தாழ்ந்த நிலைக்குப் பழகிய, நெகிழ்வான உடலுள்ள மற்றொருவருக்கு 590 மில்லிமீட்டரே போதுமானதெனில், முடிவு தலைகீழாகும். எனவே விமர்சனங்களில் சிறந்தது எனப் பெயர் பெற்ற மிதிவண்டி என்பது எல்லோருக்கும் பொருந்தும் முடிவன்று.

வாங்கும் வழிகள்

கடை வழியே வாங்கும்போது அளவு பார்த்தல், தண்டு, கிராங்க், இருக்கை மாற்றம், முதல் சில மாதப் பராமரிப்பு ஆகியவை விலைக்குள் அடங்கலாம். கேன்யன் போன்ற நிறுவனங்கள் கடைகளை நம்பாமல் பெரும்பாலும் நேரடியாக இணையத்தில் விற்பதால், அதே விலைக்கு மேலான பாகங்கள் கிடைக்கும். தம் அளவுகளைத் துல்லியமாக அறிந்தவருக்கு இம்முறை ஆதாயமானது. அறியாதவருக்கு இடர் மிகுந்தது. வெளிநாட்டிலிருந்து தருவிக்கும்போது சுங்க வரி, போக்குவரத்து, திருப்பி அனுப்பும் செலவு ஆகியவற்றைச் சேர்த்தே விலையை ஒப்பிட வேண்டும். சட்டக உத்தரவாதத்தை உள்நாட்டில் யார் ஏற்பார் என்பதும் கேட்டறிய வேண்டியதாகும்.

இரண்டாம் கை மிதிவண்டிகளில் இடைநிலை விலைக்கு முன்னாள் உயர்நிலை வடிவங்கள் கிடைக்கும். வாங்கும் முன் சில இடங்களைக் குறிப்பாகச் சோதிக்க வேண்டும். கரிம இழைச் சட்டகத்தில் இருக்கைத் தண்டைப் பற்றும் இடம், பெடல் அச்சைச் சுற்றிய பகுதி, முன்கவை ஆகியவற்றில் விரிசல் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். இருக்கைத் தண்டு இறுகிப்போகாமல் மேலும் கீழும் நகர வேண்டும். உள்ளரங்குப் பயிற்சியில் சொட்டும் வியர்வை அலுமினியக் கைப்பிடியையும் முன்குழாய்த் தாங்கு உருளைகளையும் அரிக்கும் என்பதால், சுற்றப்பட்ட நாடாவை அவிழ்த்துப் பார்ப்பது நல்லது. வெட்டிக் குறைக்கப்பட்ட முன்கவைத் தண்டு புதிய ஓட்டுநருக்கு வேண்டிய உயரத்தைத் தராது. அந்த வடிவத்துக்கே உரிய தண்டு, தாங்கி, இருக்கைப் பிடி போன்ற பாகங்கள் இன்னும் விற்பனையில் உள்ளனவா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வெளியூர்ப் போட்டிகளுக்கு விமானத்தில் கொண்டு செல்பவர், கைப்பிடியைப் பிரேக் குழாயைத் துண்டிக்காமல் கழற்ற முடியுமா என்று பார்ப்பது அவசியம். முழுவதும் உள்ளே மறைக்கப்பட்ட குழாய்கள் அழகானவை. போட்டிக்கு முந்தைய மாலையில் விடுதி அறையில் அவற்றை மீண்டும் இணைப்பது எளிதன்று. கழற்றக்கூடிய லித்தியம் மின்கலங்களைக் கைப்பையில் எடுத்துச் செல்ல வேண்டியிருக்கும்.

மாற்று வழி

ஆண்டுக்கு ஓரிரு போட்டிகளில் மட்டும் பங்கேற்பவர், குறுந்தொலைவுப் போட்டியாளர், நண்பர்களுடன் குழுவாக ஓட்டுபவர் ஆகியோருக்குச் சாலை மிதிவண்டியில் பொருத்தும் ஏரோபாரே போதுமானதாக இருக்கலாம். இருக்கையைச் சற்று முன்னே நகர்த்தி, குட்டையான ஏரோபாரைப் பொருத்தினால், காற்றியக்க ஆதாயத்தின் கணிசமான பகுதி மிகக் குறைந்த செலவில் கிடைக்கும். ஏரோபாரைக் கழற்றினால் மீண்டும் சாலை மிதிவண்டி. இந்த அமைப்பில் ஒரு பருவம் முழுவதும் ஓட்டியவர், தம் உடலால் எவ்வளவு தாழ முடியும், எவ்வளவு நேரம் நீடிக்க முடியும் என்பதை அறிந்திருப்பார். அதன்பின் வாங்கும் நெடுமுப்போட்டி மிதிவண்டியின் அளவு தவறுவதற்கான வாய்ப்பும் குறைகிறது.